விபுல சங்கிராமம்: ஐந்தே ஆண்டு இருந்த ஒரு மாகாணம்

கேள்வி இதுதான்: கையில் பழைய தாய்லாந்து வரைபடம் ஒன்று இருக்கிறது. அதில் கிழக்கு ஓரத்தில், அங்கோர் வாட்டை ஒட்டினாற்போல 'பிபுன்சோங்கிராம்' என்று ஒரு மாகாணம் குறித்திருக்கிறது. இன்றைய தாய்லாந்தில் அப்படி ஒரு மாகாணமே கிடையாது. அச்சுப் பிழையா, போலியா? எந்த ஆண்டில் போட்ட வரைபடமாக இருக்கும்?

பிழையும் இல்லை, போலியும் இல்லை. 1941 ஜூலையிலிருந்து 1946 கடைசி வரை அந்த மாகாணம் உண்மையிலேயே இருந்தது. ஆளுநர், மாவட்டங்கள், முத்திரை எல்லாம் இருந்தன. கம்போடியாவிலிருந்து போரில் பறித்த நிலத்தில் உருவாக்கிய மாகாணம் அது. வரைபடத்தின் வயதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஆனால் கதை தெரியாமல் அதைச் சொன்னால் புரியாது, அதனால் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பெயர். தாய் உச்சரிப்பில் அந்நியமாகக் கேட்டாலும் இது நமக்குத் தெரிந்த சொல்தான். விபுல என்பது பிபுன் ஆயிற்று, சங்கிராமம் சோங்கிராம் ஆயிற்று. பெரும்போர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் போரின் நினைவாக வைத்த பெயர் என்று நினைத்தால் பாதிதான் சரி. அது அப்போது பதவியில் இருந்த பிரதமரின் பெயர். பாங்காக்கை அடுத்த நொந்தபுரியில் துரியன் தோட்டக்காரர் வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் வைத்த பெயர் பிளேக், அதாவது 'விசித்திரமானவன்'. காது கண்ணுக்குக் கீழே இறங்கி இருந்ததால் அப்படி வைத்தார்களாம். ராணுவத்தில் சேர்ந்து மேலே வந்தபோது அரசர் கொடுத்த பட்டம் 'லுவாங் பிபுன்சோங்கிராம்'. பின்னாளில் அதையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். 1938 டிசம்பரில் பிரதமரானார். மறு ஆண்டே சியாம் என்ற நாட்டின் பெயரைத் தாய்லாந்து என்று மாற்றினார். நாட்டுக்கே பெயர் மாற்றியவருக்கு ஒரு மாகாணத்துக்குத் தன் பெயரை வைப்பது பெரிய விஷயமாக இருந்திருக்காது.

அவர் பிறந்தது 1897-இல், சேவல் ஆண்டு. சேவலைத் தன் சின்னமாகவே வைத்திருந்தார். புது மாகாணத்தின் முத்திரையிலும் சேவல்தான் ஏறியது. கைப்பற்றிய பகுதியில் இருந்த சில மாவட்டங்களுக்கும் இதே கதிதான். பிரோம்யோதி என்று ஒன்று, சிந்துசோங்கிராம்சாய் என்று ஒன்று, அதுக்தேவதேத் என்று ஒன்று. மூன்றும் அன்றைய தரைப்படை, கடற்படை, வான்படைப் பெருந்தலைகளின் பட்டப் பெயர்கள். சிந்து சங்கிராம ஜயம் என்று பிரித்துப் பாருங்கள், கடற்போர் வெற்றி. அந்தக் கடற்படை கடலில் என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

சரி, இந்த நிலம் யாருடையது? அங்கேதான் வழக்கே. பட்டாம்பாங், சியெம் ரியாப் பகுதிகள் கெமர் மொழி பேசும் மக்களின் நிலம், அங்கோர் அரசின் நெஞ்சுப் பகுதி. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கம்போடிய அரசு நொடித்துக் கிடந்தபோது சியாம் அதைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. 1867-இல் பிரான்சோடு ஒப்பந்தம் செய்து, கம்போடியாவின் மேல் இருந்த மேலாதிக்கத்தை விட்டுக்கொடுத்தபோதும் இந்தப் பகுதிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. 1893-இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் பாங்காக் வரை வந்து மிரட்ட, மேகோங் ஆற்றின் இடது கரை முழுவதும் போயிற்று. 1904-இல் வலது கரையிலும் இரண்டு துண்டுகள் போயின. 1907-இல் பட்டாம்பாங், சியெம் ரியாப், சிசோபோன் மூன்றையும் கொடுத்து, த்ராத்தையும் தான்சாயையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பாங்காக் பள்ளிக்கூடங்கள் இதை 'இழந்த நிலங்கள்' என்று சொல்லிக்கொடுத்தன. ஆனால் கம்போடியர்களைக் கேட்டால் 1907-இல்தான் தங்கள் நிலம் தங்களுக்கே திரும்பியது என்பார்கள். சியெம் ரியாப் என்ற ஊர்ப் பெயருக்குக் கெமர் மக்கள் 'சியாம் தோற்ற இடம்' என்று பொருள் சொல்வது வழக்கம். தாய்க்காரர்களோ அதே ஊரை சியெம்ராட், அதாவது சியாமின் ராஷ்ட்ரம், என்று எழுதினார்கள். ஒரே ஊரின் பெயரில் இரண்டு தரப்பும் வென்றிருக்கிறது.

1907-இல் கொடுத்த கதையில் ஒரு குடும்பம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. பட்டாம்பாங்கைச் சியாமுக்காகப் பரம்பரையாக ஆண்டவர்கள் அபைவோங் குடும்பத்தார். கடைசி ஆளுநர் சாவ் பிரயா அபைபூபேத், இத்தாலியக் கட்டடக் கலைஞர்களை வைத்து ஒரு மாளிகை கட்டினார். குடியிருந்து பழகுவதற்குள் ஊரே பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விட்டது. அவர் மூட்டை கட்டிக்கொண்டு எல்லைக்குச் சியாம் பக்கம் பிராசின்புரிக்கு வந்து, 1909-இல் அங்கேயும் ஐரோப்பிய பாணியில் ஒரு மாளிகை கட்டினார். இரண்டுமே இன்றும் நிற்கின்றன. பட்டாம்பாங்கில் உள்ளது பழைய ஆளுநர் மாளிகை என்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் இடம், பிராசின்புரியில் உள்ளது மூலிகை மருத்துவ அருங்காட்சியகம். அந்த ஆளுநரின் மகன் குவாங் அபைவோங், 1902-இல் பட்டாம்பாங்கில் பிறந்தவர். குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பியபோது ஐந்து வயதுப் பையன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1940 ஜூன் 12 அன்று பாங்காக்கில் தாய்லாந்தும் பிரான்சும் ஒருவரையொருவர் தாக்க மாட்டோம் என்று ஒப்பந்தம் போட்டன. இரண்டே நாளில் பாரிஸ் ஜெர்மானியர் கையில். பாங்காக்குக்குக் கணக்குப் போட அதிக நேரம் ஆகவில்லை. ஒப்பந்தத்தை உறுதி செய்ய வேண்டுமானால் எல்லையை மேகோங்கின் ஆழ்நீர்க் கோட்டில் வையுங்கள், வலது கரைத் துண்டுகளைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டது. பிரெஞ்சு இந்தோசீனா மறுத்தது. செப்டம்பரில் ஜப்பானியப் படை வட வியட்நாமுக்குள் நுழைந்தபோதும் பிரெஞ்சுக்காரர்களால் தடுக்க முடியவில்லை. அதைப் பார்த்த பிறகு பாங்காக்கின் குரல் இன்னும் உயர்ந்தது. அக்டோபரில் பல்கலைக்கழக மாணவர்கள் இழந்த நிலங்களைக் கேட்டு ஊர்வலம் போனார்கள். லுவாங் விசித்வாதகான் என்ற அரசவை எழுத்தாளர் நாடகமும் பாட்டும் எழுதிச் சூடேற்றினார். இந்தப் பெயரையும் பிரித்துப் பார்க்கலாம்: விசித்திர வாதக்காரர். பொருத்தம்தான்.

எல்லைச் சண்டை நவம்பரில் தொடங்கி, 1941 ஜனவரியில் முழுப் போராயிற்று. தரையில் தாய்ப் படை முன்னேறியது. ஜனவரி 16 அன்று பிரெஞ்சுப் படை பெரிதாக எதிர்த்தாக்குதல் நடத்தித் தோற்றுப் பின்வாங்கியது. மறுநாள் கடலில் எல்லாம் தலைகீழ். கோ சாங் தீவருகே 'லமோத்-பிக்கே' என்ற பிரெஞ்சுக் கப்பலும் அதன் கூட்டாளிகளும் விடியற்காலையில் புகுந்து, நங்கூரம் போட்டு நின்ற சொங்க்லா, சொன்புரி என்ற இரண்டு டார்பிடோப் படகுகளை மூழ்கடித்தன. ஜப்பானில் கட்டி வாங்கிய பெரிய கப்பல் 'தொன்புரி'யும் தீப்பிடித்து நாசமானது. தாய்த் தரப்பில் 36 பேர் செத்தார்கள். 'கடற்போர் வெற்றி' என்ற பட்டத்தின் கதை இது. ஆனால் தாய்லாந்தின் அதிகாரப்பூர்வக் கணக்கில் கோ சாங் தோல்வியாக எழுதப்படவில்லை. தீரத்தோடு போரிட்டுப் பகைவரை விரட்டிய நாளாகத்தான் நினைவுகூரப்படுகிறது.

இனியும் நீண்டிருந்தால் யார் வென்றிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. நீளவிடாமல் ஜப்பான் நடுவே வந்து உட்கார்ந்தது. சைகோனில் நின்ற 'நதோரி' என்ற ஜப்பானியக் கப்பலின் தளத்தில் ஜனவரி 31 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தானது. மே 9 அன்று டோக்கியோவில் ஒப்பந்தம். பட்டாம்பாங், சியெம் ரியாப்பின் பெரும்பகுதி, லாவோஸில் மேகோங்கின் வலது கரைத் துண்டுகள் என்று ஏறக்குறைய 54,000 சதுர கிலோமீட்டர் தாய்லாந்துக்கு. அதற்கு ஈடாக பிரான்சுக்கு 60 லட்சம் பியாஸ்தர் (இந்தோசீன நாணயம்). சும்மா பிடுங்கவில்லை, காசும் கொடுத்தோம் என்று பின்னால் வாதாட இது உதவியது. இருந்தாலும் நாட்டாமையாக உட்கார்ந்தவர் பங்கு கேட்காமல் எழுந்திருப்பாரா? அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை பாங்காக்கை நோக்கி நுழைந்த தரைவழி இந்தப் பட்டாம்பாங் பக்கம்தான்.

ஒன்றை மட்டும் பிரெஞ்சுக்காரர்கள் விடவில்லை: அங்கோர் வாட். அதையும் சியெம் ரியாப் நகரத்தையும் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டுதான் கோடு போட்டார்கள். உங்கள் வரைபடத்தில் எல்லைக்கோடு அந்த இடத்தில் வளைந்து ஒதுங்கிப் போவதைப் பார்க்கலாம். சியெம் ரியாப் மாகாணம் கிட்டத்தட்ட முழுதாகக் கைக்கு வந்தது, ஆனால் சியெம் ரியாப் ஊர் வரவில்லை. அதனால்தான் அந்தப் பழைய பெயரை மாகாணத்துக்கு வைக்க முடியாமல் புதுப்பெயர் தேவைப்பட்டிருக்கும் என்பது என் ஊகம். பட்டாம்பாங் ஊரோடு கிடைத்தது, ஆகவே அது 'பிரதபோங்' என்ற பழைய தாய்ப் பெயரிலேயே மாகாணமானது. லாவோஸ் துண்டுகள் இரண்டும் லான்சாங், நகோன் சம்பாசக் என்ற பழைய அரசுகளின் பெயர் பெற்றன. நான்கில் மூன்று பழம்பெயர், ஒன்று மட்டும் உயிரோடு இருக்கும் மனிதரின் பெயர்.

பட்டாம்பாங்கைப் பெற்றுக்கொள்ளப் போன தாய்த் தூதுக்குழுவுக்குத் தலைமை யார் தெரியுமா? குவாங் அபைவோங். ஐந்து வயதில் விட்டுப் போன ஊருக்கு ஏறத்தாழ நாற்பதாவது வயதில், அப்பாவிடம் இருந்து இறக்கிய கொடியை ஏற்றப் போனார்.

பறிகொடுத்த பக்கம் என்ன ஆயிற்று? கம்போடிய மன்னர் மோனிவோங் மனம் வெறுத்துப் போனார். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே, 1941 ஏப்ரலில் பொக்கோர் மலையில் இறந்தார். அவருக்குப் பின் பிரெஞ்சுக்காரர்கள் சொன்னபடி கேட்பான் என்று நம்பித் தேர்ந்தெடுத்த 18 வயதுப் பையன் நொரொடோம் சிஹனூக். அந்த நம்பிக்கை என்ன ஆயிற்று என்பது தனிக் கதை. லுவாங் பிரபாங் மன்னருக்கு மேகோங் வலது கரை போனதற்கு ஈடாக வியன்டியான், சியெங் குவாங் உள்ளிட்ட பகுதிகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். துண்டு துண்டாகக் கிடந்த லாவோஸ் ஒரே அரசாகத் திரளுவதற்கு அது ஒரு படியாயிற்று. தாய்லாந்து ஒன்றைப் பிடுங்கப் போய் பக்கத்தில் இன்னொரு நாட்டைக் கட்டிக்கொடுத்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

பாங்காக்கில் கொண்டாட்டம். பிபுன் பீல்டு மார்ஷல் ஆனார். துப்பாக்கி முனையில் செருகும் ஐந்து கத்திகளை ஒன்றாக நிறுத்தியது போல ஒரு வெற்றித் தூண் எழும்பி, 1942 ஜூன் 24 அன்று திறக்கப்பட்டது. அடியில் நிற்கும் படைவீரர் சிலைகளைச் செய்தவர் கொராடோ பெரோச்சி என்ற இத்தாலியச் சிற்பி. பாங்காக் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அங்கிருந்துதான் ஊரெல்லாம் பஸ் கிளம்புகிறது, தலைக்கு மேல் ரயில் வளைந்து போகிறது. அந்த 'வெற்றி' எது என்று பஸ்ஸுக்கு நிற்கிறவரைக் கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். இந்த மாகாணத்தைப் பெற்ற போரின் வெற்றிதான் அது. மாகாணம் போய்விட்டது, தூண் நிற்கிறது.

இன்னொரு அடுக்கும் உண்டு, வரைபடத்துக்கு அது தேவை. 1942 ஜனவரியில் தாய்லாந்து பிரிட்டன், அமெரிக்கா மீது போர் அறிவித்தது. 1943 ஆகஸ்டில் ஜப்பான் இன்னும் நிலம் கொடுத்தது: பர்மாவின் ஷான் பகுதியில் கெங்துங், மோங் பான், மலாயாவில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு. கெடா ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்களுக்கு 1943 அக்டோபரிலிருந்து போர் முடியும்வரை மேலே பறந்தது தாய்க் கொடி, கெடாவுக்குப் பெயர் சைபுரி. ஆனால் இவையெல்லாம் ராணுவக் கையிருப்புப் போலத்தான் நிர்வகிக்கப்பட்டன. பிபுன்சோங்கிராம் அப்படியில்லை, நாட்டின் மற்ற மாகாணங்களைப் போலவே முழு மாகாணம். 1946 தேர்தலில் இந்தப் பகுதிகளிலிருந்து பாராளுமன்றத்துக்கு உறுப்பினர்கள் போனார்கள். அவர்களில் ஒருவர் போக் குன், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த கெமர் இசராக் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கம்போடிய விடுதலைக்காரர் தாய்ப் பாராளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார் என்றால் அந்தக் காலத்து எல்லை எப்படிக் குழம்பிக் கிடந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1944-இல் ஜப்பான் தோற்கப் போவது தெரிந்துவிட்டது. பாராளுமன்றம் பிபுனை இறக்கியது. அடுத்து வந்த பிரதமர், அதே குவாங் அபைவோங். 1945 ஆகஸ்ட் 16 அன்று அரசப் பிரதிநிதி பிரிதி பனோம்யோங் போர் அறிவிப்பே செல்லாது என்று அறிக்கை விட்டார். அதில் ஒரு நுணுக்கம்: மலாய் மாநிலங்கள் நான்கையும் ஷான் பகுதிகளையும் திருப்பிக் கொடுக்கத் தயார் என்று இருக்கிறது. பிரான்சிடம் வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1941 ஒப்பந்தம் தாய்லாந்து உலகப் போரில் இறங்குவதற்கு முன்னால், முறையாகப் பேசி, பணம் கொடுத்துப் போட்டது, அது வேறு இது வேறு என்பது பாங்காக்கின் வாதம். பிரான்சோ, கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய கையெழுத்து அது என்றது. என்னைக் கேட்டால் இரண்டுமே உண்மை. ஆனால் பிரான்சின் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. தாய்லாந்துக்கு ஐக்கிய நாடுகள் சபையில் சேர வேண்டும், பிரான்சுக்கு அங்கே ரத்து (வீட்டோ) அதிகாரம் உண்டு.

1946 மே மாதம் மேகோங் கரையில் மோதல்கள், ஜூனில் இளம் மன்னர் ஆனந்த மகிடோன் அரண்மனையில் சுடப்பட்டு இறந்தது, ஆகஸ்டில் பிரிதியின் இடத்தில் தவான் தம்ரோங் பிரதமரானது என்று அந்த ஆண்டு பாங்காக்குக்கு மூச்சுவிட நேரமில்லை. அதே ஆகஸ்டில் கெமர் இசராக் ஆட்கள் சியெம் ரியாப் மீதே ஒரு தாக்குதல் நடத்திப் பார்த்தார்கள். கடைசியில் நவம்பர் 17 அன்று வாஷிங்டனில் உடன்பாடு: டோக்கியோ ஒப்பந்தம் ரத்து, நான்கு மாகாணங்களும் திரும்ப வேண்டும். தாய்த் தரப்பில் டோக்கியோவில் பேசிய இளவரசர் வான் வைத்யகோன்தான் வாஷிங்டனிலும் பேசினார், வாங்கியதும் கொடுத்ததும் அவர் கை வழியாகவே. டிசம்பர் 16 அன்று தாய்லாந்து ஐ.நா.வின் 55-ஆவது உறுப்பு நாடாயிற்று. முகம் காக்க ஒரு சமரசக் குழு வைத்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், பெரு நாட்டவர் மூவரும் சேர்ந்த அந்தக் குழு 1947 ஜூனில் பழைய எல்லையே சரி என்று சொல்லிவிட்டது.

பிபுன் மட்டும் திரும்பி வந்தார். 1947 நவம்பர் ராணுவப் புரட்சிக்குப் பிறகு, 1948-இல் மீண்டும் பிரதமராகி 1957 வரை இருந்தார். தன் பெயர் கொண்ட மாகாணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஆட்சியை அங்கீகரிக்க வேண்டிய நாடுகளே முகம் சுளித்திருக்கும். 1964-இல் ஜப்பானில் இறந்தார்.

இன்று அந்த மாகாணம் கம்போடியாவின் சியெம் ரியாப், ஒத்தார் மியன்செய், பன்தியாய் மியன்செய் என்று பிரிந்து கிடக்கிறது. சியெம் ரியாப்பிலிருந்து 6-ஆம் எண் சாலையில் தாய் எல்லைக்குப் போகிறவர்கள் கிராலான் வழியாக அதன் குறுக்கேதான் போகிறார்கள். 1907-இல் வரைந்த பழைய வரைபடத்தை வைத்துத்தான் 1962-இல் உலக நீதிமன்றம் பிரேயா விஹார் கோயிலைக் கம்போடியாவுக்குக் கொடுத்தது. 2025 ஜூலையில் இரு நாடுகளும் ஐந்து நாள் பீரங்கி வைத்துச் சண்டை போட்டபோது செய்திகளில் அடிபட்ட ஒத்தார் மியன்செய் இந்த மாகாணத்தின் பழைய மண்தான்.

இப்போது உங்கள் வரைபடம். கீழே மலாயா பக்கம் பாருங்கள். கெடாவும் கிளந்தானும் தாய்லாந்தின் நிறத்தில் இருந்து, மேலே பர்மா பக்கம் கெங்துங்கும் சேர்ந்திருந்தால் 1943 ஆகஸ்டுக்குப் பிறகு, 1945-க்குள் போட்டது. அவை இல்லாமல் பிபுன்சோங்கிராம் மட்டும் இருந்தால் இரண்டில் ஒன்று: 1941 ஜூலைக்கும் 1943-க்கும் நடுவில், அல்லது போர் முடிந்த பிறகு 1946-க்குள். நாட்டின் பெயரைப் பார்த்தால் அதுவும் தீர்ந்துவிடும். 1945 செப்டம்பரில் ஆங்கிலத்தில் பழையபடி சியாம் என்று மாற்றிக்கொண்டார்கள், பிபுன் வந்தபின் 1949-இல்தான் மறுபடி தாய்லாந்து. மூலையில் சியாம் என்று ஆங்கிலத்தில் போட்டு, இந்த மாகாணமும் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றேகால் ஆண்டுக்குள் அச்சான வரைபடம்.